நாடகக்காரனைவிடப் பைத்தியக்காரன் மேல்

அப்பாவை நாற்காலியோடு சேர்த்துக் கட்டியிருந்தோம். இடுப்பைச் சுற்றி அம்மாவின் பழைய நைலக்ஸ் புடவை. கால்களுக்கு என்னுடைய ரிப்பன். தலையில் பிழிந்திருந்த எலுமிச்சம்பழச் சாறு கண்ணில் இறங்கிவிட்டதால் ஒரு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, இன்னொரு கண்ணால் மின்விசிறியைப் பார்த்து அவர் அலறினார்.

“நான் பைத்தியம் இல்லை! ஊரே சொன்னாலும் நான் பைத்தியம் இல்லை!”

பக்கத்தில் வெள்ளைக் கோட்டும் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்புமாக நின்றிருந்த செல்லதுரை மாமா அமைதியாகச் சொன்னார்: “இதுதான் முதல் அறிகுறி.”

காற்றுக்காகத் திறந்து வைத்திருந்த வாசல் கதவுப் பக்கம் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஒரு தட்டு. வெற்றிலை, வாழைப்பழம், கதம்பம் எல்லாம் தரையில் சிதறிக் கிடந்தன. தட்டுக்குப் பின்னால் ஒரு பெரியவர், ஒரு அம்மாள், ஒரு இளைஞர். மூன்று பேரும் அசையாமல் நின்றார்கள்.

என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரவேண்டியவர்கள். தரகர் ‘வர்ற ஞாயிறு’ என்று சொன்னதை நாங்கள் ஒரு விதமாகவும், அவர்கள் இன்னொரு விதமாகவும் எடுத்துக்கொண்டிருந்தோம்.

இத்தாலியிலிருந்து ஆவடிக்கு

போன வாரம் குவார்ட்டர்ஸ் குழாயடிச் சண்டையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, “உங்கள் அப்பா அவ்வளவு கோபக்காரரா?” என்று கேட்டிருக்கிறார். கோபக்காரர்தான். ஆனால் அவருடைய கோபத்தில் பாதி ஒத்திகை. எண்பதுகளின் நடுவில், தொழிற்சாலை மனமகிழ் மன்றத்தின் எல்லா நாடகங்களிலும் கோபக்காரக் கிழவர் வேஷம் அவருக்குத்தான். காலையில் காபி ஆறிப்போனதற்கு அம்மாவிடம் கத்துவார். கத்தி முடித்ததும் என் பக்கம் திரும்பி, “கடைசி வரி எடுபட்டுதா வசந்தி?” என்று கேட்பார்.

அப்பா பீரங்கி வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் பிரிவில் சார்ஜ்மேன். திண்டிவனம் பக்கத்துக்காரர். செல்லதுரை மாமா பக்கத்து பிளாக். வரைபடப் பிரிவு, நாகர்கோவில்காரர். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு எப்படியோ வரைபடம் போட வந்துவிட்டவர். வருஷா வருஷம் மன்றத்தில் குடும்ப நாடகமே போட்டு அலுத்துப்போய், அந்த வருஷம் நானூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிய நகைச்சுவை நாடகம் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டு வந்தார்.

கதை சின்னதுதான். ஒரு பணக்கார வணிகர். வயது அறுபது, மனதுக்குள் இருபத்தைந்து. தன் பொறுப்பில் வளரும் இளம்பெண்ணுக்குத் தன்மேல் காதல் என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, அவளை அறையில் பூட்டி வைக்கிறார். அவள் தப்பித்து, ஆண் வேஷத்தில் அதே வீட்டுக்கு வேலைக்காரனாக வருகிறாள். அவளுடைய காதலன் வைத்தியர் வேஷத்தில் வருகிறான். எல்லோருமாகச் சேர்ந்து கிழவருக்குப் பைத்தியம் என்று அவரையே நம்பவைத்துச் சாவிக்கொத்தை வாங்கிவிடுகிறார்கள்.

கிழவரின் பெயர் ஆர்னால்தோ. அது அப்பாவின் வாயில் நுழையவில்லை. அருணாசலம் ஆனார்.

கதாநாயகி வேஷம் ஸ்டோர்ஸ் சுந்தரத்துக்கு. எங்கள் மன்றத்தில் பெண்கள் மேடை ஏறுவதில்லை. சுந்தரம் மீசையை எடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தார். செல்லதுரை மாமா ஒரு வாரம் யோசித்துவிட்டு, கதாநாயகி முதல் காட்சியிலேயே ஆண் வேஷத்தில் வருவதாக மாற்றி எழுதினார். ஆக, மீசை வைத்த ஒரு ஆள், ஆண் உடையில் வந்து, தான் ஒரு பெண் என்று சொல்வார். மக்கள் நம்பிக்கொள்ள வேண்டும்.

எனக்கு மேடைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை. பகலில் அம்பத்தூர் எஸ்டேட்டில் டைப்பிஸ்ட். சாயங்காலம் ஒத்திகை.

ஒத்தைத் தலைவலி

வாசலுக்குத் திரும்புகிறேன்.

வந்தவர்கள் நூம்பலில் நிலம் நீச்சு உள்ள பழைய குடும்பம். பெரியவர் பெயர் ஏழுமலை. மகன் முருகேசனுக்கு அண்ணனூர் ரயில் பணிமனையில் வேலை. நல்ல இடம். ஒரே ஒரு எச்சரிக்கையைத் தரகர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

“பெரியவருக்கு நாடகம்னாலே ஆகாது. கூத்தாடிக் குடும்பத்துல சம்பந்தம் பண்ண மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு.”

அதற்கு அப்பா, “நாடகமா? அந்தத் தெருப் பக்கமே நாங்க போறதில்லையே” என்று சொல்லியிருந்தார். அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த அப்பாவித்தனம், அதுவரை எந்த மேடையிலும் வெளிப்படாதது.

இப்போது அப்பாவும் அவர்களைப் பார்த்துவிட்டார். அவருக்கு முதலில் உண்மைதான் வாயில் வந்தது.

“ஐயா, நான் பைத்தியம் இல்லீங்க. நாங்க சும்மா ஒத்...”

ஒத்திகை என்று முடிக்க வேண்டும். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அம்மா ஒரு பார்வை பார்த்தாள். அப்பா எச்சில் விழுங்கினார்.

“...ஒத்தத் தலைவலி. எனக்கு ஒத்தத் தலைவலி.”

“அதுக்கா கட்டி வெச்சிக்கிறீங்க?” என்றார் ஏழுமலை.

செல்லதுரை மாமா அந்த நேரத்தில் ‘நான் கிளம்புகிறேன்’ என்று போயிருந்தால் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆனால் அவர் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இருந்தது. கழுத்தில் ஒன்று கிடந்தால் அதற்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

“பயப்படாம உள்ள வாருங்க. நான் டாக்டர். இவருக்கு வேலைச் சூடு தலைக்கு ஏறிப் போச்சு. இப்ப எவ்வளவோ மேல்.”

அம்மாவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அழத் தெரியும். அவமானத்தில் அழ ஆரம்பித்தாள். அதை அவர்கள் துக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளையின் அம்மா பச்சையம்மாள் நேராக அப்பாவிடம் போய், முந்தானையால் அவர் கண்ணில் இறங்கிய எலுமிச்சைச் சாற்றைத் துடைத்துவிட்டார்.

“அழுவாத கண்ணு. நோவு மன்சனுக்கு வராம மரத்துக்கா வரும்? எங்க ஊட்டுக்காரரு நல்லா கீறப்பவே இதவிட ஆட்டம் ஆடுவாரு.”

நான் காபி கொண்டுபோனேன். கையில் இருந்த நாடகப் பிரதியை எங்கே வைப்பதென்று தெரியாமல் காபித் தட்டுக்கு அடியிலேயே பிடித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறது. முருகேசன் டம்ளரை எடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. என் அப்பாவின் கால்களைக் கட்டியிருந்த ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தார். அது பூப்போட்ட ரிப்பன்.

மறுநாள் தரகர் வந்தார். நாங்கள் முடிந்தது கதை என்று உட்கார்ந்திருந்தோம்.

“அவங்களுக்குச் சம்மதம்” என்றார் தரகர். “பைத்தியத்துக்காவது வைத்தியம் கீது, நாடகக்காரனுக்கு இன்னா கீதுன்னு பெரியவர் கேக்கறாரு.”

மொபெட் சத்தம்

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஏழுமலை அப்பாவைக் குணப்படுத்தத் தீர்மானித்துவிட்டார்.

வாரத்தில் இரண்டு மூன்று சாயங்காலம் நூம்பலிலிருந்து பூந்தமல்லி வழியாக மொபெட்டில் வந்துவிடுவார். பின்னால் பையில் பொன்னாங்கண்ணிக் கீரை, வெண்பூசணி, ஒரு புட்டியில் ஏதோ மூலிகை போட்டுக் காய்ச்சிய எண்ணெய். அந்த மொபெட்டுக்கு இருமுவது போல ஒரு சத்தம். தெருமுனையில் அது கேட்டதும் அம்மா, “வந்துட்டாரு, வந்துட்டாரு” என்பாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொள்வார்.

பகலில் தொழிற்சாலையில் ஐம்பது பேரை மேய்க்கும் சார்ஜ்மேன். சாயங்காலம் வீட்டில் பைத்தியம். முதலில் வெட்கப்பட்டார். பிறகு பிடித்துப்போயிற்று. நாடகத்தில் செய்யப்போகும் சேஷ்டைகளையெல்லாம் ஏழுமலையிடம் செய்து பார்ப்பார். ஒருநாள் தேங்காய்த் துருவியை வணங்கினார். ஏழுமலை கொஞ்சமும் சிரிக்காமல் தானும் ஒரு கும்பிடு போட்டார்.

“எதிர்த்துப் பேசக் கூடாது கண்ணு” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். “அவரு போற வயிலயே நாமளும் போயி, அப்பால மெதுவா இட்டுகினு வர்ணும்.”

கொல்லைக் குழாயடியில் அப்பாவை உட்கார வைத்துத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவார். தேய்க்கும்போது பேச்சு ஓடும். பயிரைப் பற்றி, மகளைக் கட்டிய மருமகன் முகம் கொடுத்துப் பேசாததைப் பற்றி, தூக்கம் வராததைப் பற்றி. எதிரில் இருக்கும் ஆளுக்குப் புரியப்போவதில்லை என்ற தைரியத்தில் மனிதர் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்.

ஒருநாள் அப்பா எண்ணெய் வழியும் தலையோடு உள்ளே வந்து, ஏழுமலை கிளம்பிப் போகும்வரை காத்திருந்து, அம்மாவிடமும் என்னிடமும் சொன்னார்.

“அவருக்கு ஒரு அண்ணன் இருக்காராம். நாடகக் கம்பெனியோட போனவராம். பங்கு நிலத்த வித்து சீன் படுதா வாங்கினாராம். இப்ப அரக்கோணத்துல தனியா இருக்காராம். இவர் பேசறதே இல்லையாம். ‘நாந்தான் வாசல்ல நின்னு ஊட்டுக்குள்ள வராதன்னு சொன்னேன். சொன்ன நாள்லேர்ந்து தூக்கம் இல்ல’ன்னு என் தலையைத் தேச்சுகிட்டே அழுதார். நான் என்ன பண்ணினேன் தெரியுமா?”

“என்ன பண்ணீங்க?”

“காக்கா மாதிரி கத்தினேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல.”

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. நாடகத்திலிருந்து விலகிக்கொள்கிறேன், ஏழுமலையிடம் போய் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றார். செல்லதுரை மாமாவுக்குச் சொல்லி அனுப்பினோம். ஆண்டு விழாவுக்குச் சில நாட்களே இருந்தன. பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். மாமா தலையில் கை வைத்துக்கொண்டார்.

முருகேசனுக்குச் சொன்னது

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டியிருந்தது. அதை யாரிடமும் நான் சொல்லவில்லை. பச்சையம்மாள் முந்தானையால் அப்பாவின் கண்ணைத் துடைத்த அந்த நிமிஷத்திலேயே முடிவு செய்துவிட்டேன். பைத்தியம் என்று தெரிந்தும் பக்கத்தில் போன ஜனங்கள். அந்த வீட்டுக்குள் ஒரு பொய்யோடு நுழைய எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு சாயங்காலம் அம்பத்தூர் ரயில் நிலையத்தில் நான் நின்றுகொண்டிருந்தபோது முருகேசன் வந்தார். எனக்காகத்தான் வந்திருந்தார். வேறு எதற்கோ வந்ததைப் போலக் காட்டிக்கொண்டார்.

“எங்க நைனா ஊட்ல உங்க அப்பா பேச்சாவே கீறாரு. இப்ப எப்டி கீது அவருக்கு?”

“அவருக்கு ஒன்னும் இல்லைங்க. அவர் நாடகத்துல நடிக்கிறாரு. அன்னிக்கு நடந்தது ஒத்திகை.”

அவர் கொஞ்ச நேரம் தண்டவாளத்தைப் பார்த்தார்.

“அந்த டாக்டரு?”

“படம் வரையறவரு.”

“எங்க அம்மா அவராண்ட மூட்டு வலிக்கு மருந்து கேட்டு வாங்கிகினாங்களே!”

“வேலை செஞ்சுதா?”

“நல்லா நடக்கறாங்க!”

அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நானும் சிரித்தேன். ஒரு ரயில் வந்து போய்விட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்னார்: “நைனாவாண்ட நான் சொல்லிக்கிறேன். வாயால சொன்னா வேலைக்கு ஆவாது. இட்டாந்து காட்டிர்றேன். சிரிச்சார்னா தப்பிச்சோம்.”

அப்பாவிடம் நான், “அவங்க வீட்டுல சொல்லியாச்சு” என்று மட்டும் சொன்னேன். அவர் நிம்மதியாகி ஒத்திகைக்குப் போனார். முருகேசனோ தன் அப்பாவிடம், தொழிற்சாலை ஆண்டு விழா, பரிசு கொடுப்பார்கள், பாட்டுப் பாடுவார்கள் என்று மட்டும் சொல்லி அழைத்துவந்தார். நாடகம் என்ற வார்த்தையை எடுக்கவே இல்லை.

மேடை ஏறியவர்

பொழுது சாய்ந்ததும் நாடகம் தொடங்கியது. மைதானம் நிறையக் கூட்டம். மன்றத்தின் வெல்வெட் ஜன்னல் திரைகள்தான் இத்தாலிய உடைகள். புகை படிந்த கேன்டீன் வாசனை அந்த வெல்வெட்டில் ஊறியிருந்தது. நான் படுதாவுக்குப் பின்னால் பிரதியோடு நின்றேன்.

கட்டிப்போடும் காட்சி வந்தது. அப்பாவைக் கட்டினார்கள். எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார்கள். அப்பா அலறினார்.

“நான் பைத்தியம் இல்லை!”

“இதுதான் முதல் அறிகுறி.”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் ஒரு குரல்.

“டேய்! நிறுத்துங்கடா!”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏழுமலை மேடைப் படி ஏறிக்கொண்டிருந்தார். பின்னாலேயே முருகேசன், “நைனா, நைனா” என்று ஓடி வந்தார். படியருகே தொண்டர் ஒருவர் முருகேசனைத்தான் மடக்கிப் பிடித்தார், பெரியவரை விட்டுவிட்டார். பெரியவர் நடையில் அப்படி ஒரு உரிமை இருந்தது.

“நெஜமாவே நோவு வந்த மன்சன்டா இவரு! மேடை மேல கட்டி வெச்சி வேடிக்கை காட்றீங்களே, உங்களுக்கு மன்சாட்சி கீதா?”

கூட்டம் கை தட்டியது. கிராமத்து விவசாயி பாத்திரம் புதிதாக இருக்கிறதே என்று நினைத்துவிட்டார்கள்.

ஏழுமலை செல்லதுரை மாமாவின் பக்கம் திரும்பினார். “நீ டாக்டராய்யா? உன்ன நம்பி எம் பொண்டாட்டி மருந்து துன்னுகினு கீறா!” மாமாவுக்கு அத்தனை வசனமும் மறந்துவிட்டது. நான் எடுத்துக்கொடுக்கவும் ஒன்றும் இல்லை. பிரதியில் அப்படி ஒரு காட்சியே கிடையாது.

அந்தச் சமயம் பார்த்து ஸ்டோர்ஸ் சுந்தரம், தன் முறை வந்துவிட்டதென்று நினைத்து மீசையோடு ஓடி வந்து, மாமாவின் தோளில் சாய்ந்தார். “நாதா! ஆண் உடையில் இருந்தாலும் நான் உங்கள் மங்கை!”

ஏழுமலை சுந்தரத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு இரக்கத்தோடு கேட்டார்:

“இவருக்கு எத்தினி நாளா கீது?”

மைதானத்தில் விசில் பறந்தது. முன்வரிசையில் பெரிய அதிகாரியின் மனைவி சிரித்துச் சிரித்து இருமல் வந்து, யாரோ தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

ஏழுமலை குனிந்து, அப்பாவின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். அப்பாவுக்கு அப்போதுதான் விளங்கியது, இவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை என்று.

“சம்பந்தி” என்றார் அப்பா, மெதுவாக. ஆனால் மைக் பக்கத்தில் இருந்தது. “நான் பைத்தியம் இல்ல சம்பந்தி. நான் நாடகக்காரன்.”

“அப்டித்தான் சொல்லிகினு இருப்பீங்க. வாங்க ஊட்டுக்குப் போலாம்.”

நான் பிரதியோடு மேடைக்கு வந்துவிட்டேன். எங்கள் மன்ற மேடையில் ஏறிய முதல் பெண் நான்தான் என்று பிறகு சொன்னார்கள். அப்போது அதெல்லாம் தோன்றவில்லை.

“மாமா, இது நாடகம். அப்பாவுக்கு ஒன்னுமே இல்ல. அன்னிக்கு எங்க வீட்டுல நீங்க பார்த்ததும் இதுதான்.”

ஏழுமலை என்னைப் பார்த்தார். என் கையில் இருந்த பிரதியைப் பார்த்தார். மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். அத்தனை முகங்கள். எல்லாம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அவர் கைகள் மட்டும் நிற்கவில்லை. பாதி அவிழ்த்த முடிச்சை முழுவதும் அவிழ்த்து முடித்தன.

அப்பா எழுந்தார். நாடகத்தில் வைத்தியரிடம் கொடுக்க வேண்டிய சாவிக்கொத்தை ஏழுமலையின் கையில் வைத்து, இரண்டு கையாலும் கும்பிட்டார். அதற்குமேல் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாததால் படுதாவை இறக்கினார்கள்.

சிறந்த நடிகருக்கான எவர்சில்வர் குடம், ‘விவசாயியாக நடித்தவருக்கு’ என்று அறிவிக்கப்பட்டது. முருகேசன்தான் போய் வாங்கிவந்தார்.

எண்ணெய்ப் பேச்சு

ஒப்பனை அறையில் அப்பா முகத்துச் சாயத்தைத் தேங்காயெண்ணெயால் துடைத்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை உள்ளே வந்து நின்றார். கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“நான் சொன்னதெல்லாம் காதுல வாங்கிகினியா?”

“வாங்கினேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

பிறகு மொபெட் வரவில்லை. தரகரும் வரவில்லை. அம்மா மாலையில் வாசல் கதவைச் சாத்தியே வைத்தாள். அப்பா வீட்டில் கத்துவதை நிறுத்திவிட்டார். ஆறிப்போன காபியைச் சத்தமில்லாமல் குடித்தார். செல்லதுரை மாமா மட்டும் சோகமாக வந்து, அந்த நாடகத்துக்கு அவர் எழுதிய முடிவைவிட நடந்த முடிவு நன்றாக இருந்ததாக எல்லோரும் சொல்கிறார்கள் என்று வருத்தப்பட்டுவிட்டுப் போனார். அம்பத்தூர் நடைமேடையில் முருகேசனைப் பார்த்தேன். “நைனா பேச மாட்டேன்றாரு. அந்தக் கொடத்த மட்டும் தெனமும் தொடைக்கிறாரு” என்றார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் தெருமுனையில் மொபெட்டின் இருமல் சத்தம் கேட்டது. அப்பா பழக்க தோஷத்தில் சட்டைப் பொத்தானைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

ஏழுமலை உள்ளே வந்து, அப்பாவைக் கட்டிவைத்திருந்த அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

“நீ பைத்தியமா இருந்தப்ப பேசறதுக்கு நல்லா இருந்துச்சு” என்றார். “நல்லா கீற ஆளுங்களாண்ட எனக்குப் பேச வர மாட்டேன்னுது.”

அப்பா எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைக் குழாயடியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார். ஏழுமலை கொஞ்சம் தயங்கிவிட்டுப் பின்னாலேயே போனார். அம்மாவும் நானும் சமையலறையிலிருந்து பார்த்தோம். நெடுநேரம் தேய்த்தார். என்ன பேசினார்களோ தெரியாது. அப்பா காக்காய் மாதிரி கத்தவில்லை என்பது மட்டும் தெரியும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் ரயிலேறி அரக்கோணம் போனார்கள். அண்ணன் வீடு பூட்டிக் கிடந்ததால், கல்யாணச் செய்தியைப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு வந்தார்கள்.

கல்யாணம் பூந்தமல்லியில் நடந்தது. பின்னாளில் என் மாமனார், மேடையில் நடந்ததெல்லாம் தனக்கு முன்பே தெரியும், தெரிந்துதான் நடித்தேன் என்று உறவுக்காரர்களிடம் சொல்ல ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி அவரே அதை நம்பிவிட்டார். நாங்கள் யாரும் மறுத்ததில்லை. எதிர்த்துப் பேசக் கூடாது என்று அவர்தானே சொல்லிக்கொடுத்திருந்தார்.

ஆனால் கல்யாணத்தன்று அவர் அப்படிச் சொல்லவில்லை. மணவறையிலிருந்து எனக்கு மண்டப வாசல் தெரிந்தது. ஒல்லியாக, தோள் வரை நரைத்த முடியோடு ஒரு பெரியவர் வந்து, உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். என் மாமனார் வேகமாகப் போனார். அருகில் போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். மேளக்காரர்கள் சற்று ஓய்ந்த நேரம் அது. அவர் குரல் கேட்டது.

“அண்ணா, நானும் மேடை ஏறிட்டேன்.”

அந்தப் பெரியவர் தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

“வசனத்த மறந்துட்டியா?”

“வசனமே கெடையாதுண்ணா.”

“அய்யய்யோ” என்றார் அண்ணன், உண்மையான கவலையோடு. தம்பியின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார்: “அப்பால இன்னாடா பண்ண?”